கொழும்பில் கலாநிதி ஆய்வு: காசு எங்கிருந்து வரும்?

போன மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வவுனியாவிலிருந்து அழைத்தாள். "அக்கா, கொழும்பில் பிஎச்.டி. பதிவு கிடைத்துவிட்டது. ஸ்கொலர்ஷிப் எந்த மாதத்திலிருந்து தருவார்கள்?" அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. "பிறகு எடுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிரவு அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு நின்றுவிடுகிறது. மகாபொலப் புலமைப்பரிசிலும் முதற்பட்ட மாணவருக்கு உரியதுதான். பட்டப்பின் கற்கைகள் பீடத்தின் படியேறினால் பதிவுக் கட்டணம், கற்கைக் கட்டணம், நூலக வைப்புப் பணம், ஆய்வேட்டைப் பரீட்சிப்பதற்கான கட்டணம் எல்லாம் நம் பையிலிருந்துதான் போக வேண்டும். அனுமதிக் கடிதத்தோடு மாதாந்தக் கொடுப்பனவும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்ப்பது வெளிநாட்டுக்குப் போன நண்பர்களிடமிருந்து தொற்றிய பழக்கம். இங்கே பணம் ஓர் ஆய்வுத்திட்டத்தோடு கட்டுண்டிருக்கும், இல்லாவிட்டால் ஒரு பதவியோடு கட்டுண்டிருக்கும். அதனால் தேடலை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். பணம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பதிவை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதற்படி: நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

பல்கலைக்கழகம் ஒன்றில் நிரந்தர விரிவுரையாளராக இருப்பவருக்கு வழி ஓரளவு செப்பனிட்டுக் கிடக்கிறது. சம்பளத்தோடு கற்கை விடுமுறை உண்டு. உள்நாட்டில் படிப்பவருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் உதவி உண்டு. மானிடவியல், சமூக விஞ்ஞானத் துறையினருக்கென்று 2005இல் தொடங்கிய தேசிய உயர்கற்கைகள் நிலையமும் இருக்கிறது. இந்த வரிசையில் நிற்பவர்கள் தங்கள் பீடத்துச் சிரேஷ்ட உதவிப் பதிவாளரிடம் நடப்புச் சுற்றறிக்கைகளைக் கேட்டு வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அரச திணைக்களம், ஆய்வு நிறுவனம் போன்றவற்றில் வேலை செய்பவருக்குத் அரச ஊழியரின் சேவை விதிகளைத் தொகுத்த தாபன விதிக்கோவைதான் வேதம். நிறுவனத் தலைவர் கையெழுத்து வைக்காமல் எதுவும் அசையாது. ஆகவே ஆய்வுத் தலைப்பை நிறுவனத்தின் வேலையோடு பொருந்துமாறு எடுங்கள். அது சமரசம் போலத் தெரியலாம். ஆனால் தரவும் ஆய்வுகூடமும் வாகனமும் உங்கள் நிறுவனத்திலேயே இருக்கும்போது அந்தச் சமரசம் மலிவானது.

மருத்துவர்களின் உலகம் வேறு. அவர்களுக்கு நொரிஸ் கனால் வீதியில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பயிற்சிக் காலத்தில் சம்பளமும் வருகிறது. அவர்களை விட்டுவிடுவோம்.

மிஞ்சுவது மூன்றாம் வரிசை. நல்ல வகுப்பில் சித்தியடைந்து, தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்டோ வேலையே இல்லாமலோ இருக்கும் பட்டதாரிகள். வவுனியாத் தங்கை இந்த வரிசைதான். இனி எழுதுவது பெரும்பாலும் இவர்களுக்கு.

இரண்டாம் படி: பணமுள்ள மேற்பார்வையாளரைத் தேடுதல்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியமானது. இதில் மூன்று மாதம் செலவழித்தாலும் நட்டமில்லை.

தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் ஆய்வு மானியங்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழக, அரச ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளின் பெயரில் வழங்குகின்றன. அந்த வரவுசெலவுத் திட்டத்துக்குள் ஆய்வு மாணவர் ஒருவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உங்கள் பெயர் ஏறினால் மாதா மாதம் பணம் வரும். அதே திட்டத்தின் தரவைக் கொண்டு நீங்கள் முதுதத்துவமாணிப் (எம்.பில்.) பட்டத்துக்கோ கலாநிதிப் (பிஎச்.டி.) பட்டத்துக்கோ பதிவு செய்துகொள்ளலாம். மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் மூதவை (செனற்) ஆராய்ச்சிக் குழுவின் உள்நிதியிலிருந்தும் இப்படி முழுநேர ஆய்வு மாணவர்களை வைத்துக்கொள்கிறார்கள். விவசாயத் துறையினர் விஜேராம மாவத்தையில் இருக்கும் விவசாய ஆராய்ச்சிக் கொள்கைச் சபையையும் கவனிக்க வேண்டும்.

யாரிடம் மானியம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுங்கள். மானியம் பெற்றவர் பெயர், தலைப்பு, தொகை என்று அட்டவணைகள் இருக்கும். சென்ற ஆண்டு மானியம் பெற்றவர் இந்த ஆண்டு ஆள் தேடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகைகளிலும் பல்கலைக்கழக அறிவித்தல்களிலும் ஆய்வு உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் வரும். விண்ணப்பிக்கத் தரும் காலம் பல வேளைகளில் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்காது. சான்றிதழ்ப் பிரதிகளை உறுதிப்படுத்தி முன்கூட்டியே ஒரு கோப்பில் வைத்திருக்காதவர் அந்த இரண்டு வாரத்தையும் பதிவாளர் கிளையின் வாசலில் கழிப்பார்.

இன்னொரு வழியைச் சொல்கிறேன். பலருக்கு இது தோன்றுவதில்லை. தம் மாணவரை ஆய்வுப் பட்டம் முடிக்கவைத்த மேற்பார்வையாளருக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் சஸ்ரெட் என்ற திட்டத்தின் கீழ் விருது கொடுக்கிறது. அந்தப் பெயர்ப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். மானியம் எடுப்பதில் கெட்டிக்காரராக இருந்து மாணவரை நடுவழியில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கரைசேர்த்தவர்கள் யார் என்பதை அந்தப் பட்டியல் காட்டும்.

ஒருவரைத் தேர்ந்துவிட்டால் மின்னஞ்சல் எழுதுங்கள். "மதிப்புக்குரிய ஐயா, எந்தத் தலைப்பானாலும் ஆய்வு செய்ய விருப்பம்" என்று எழுதினால் பதில் வராது. அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியைப் பத்து வரிக்குள் எழுதுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தை இணையுங்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டுங்கள். மூன்றாவது முறை எழுத வேண்டாம், நேரில் போய்ப் பாருங்கள்.

நேரில் சந்திக்கும்போது கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதி இருக்கிறது? கொடுப்பனவு மாதந்தோறும் வருமா, நிதி விடுவிக்கப்படும்போது மொத்தமாக வருமா? பட்டப் பதிவுக் கட்டணத்தை மானியம் ஏற்குமா? உங்களிடம் இதுவரை எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள்? பெரியவர்களிடம் காசு பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்துவிட்டார்கள். நல்ல மேற்பார்வையாளர் இந்தக் கேள்விகளை விரும்புவார். முகம் சுளிப்பவரிடம் மூன்று ஆண்டு இருக்க வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள்.

கலைத்துறைக்காரர்கள் இதுவரை படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவது கேட்கிறது. உண்மைதான். தமிழ் இலக்கியம், வரலாறு, சமூகவியல் ஆகியவற்றில் ஆய்வு மாணவருக்குக் கொடுப்பனவோடு கூடிய திட்டங்கள் அரிது. பகுதிநேரப் பதிவும் ஒரு வேலையும்தான் பெரும்பாலானோர் எடுக்கும் வழி. பாடசாலை ஆசிரியர், வருகைதரு விரிவுரையாளர், நாவலத் திறந்த பல்கலைக்கழக வகுப்புகள், மொழிபெயர்ப்பு என்று கூட்டிக் கழித்து ஓட்டுகிறார்கள். வருகைதரு விரிவுரைக்கு மணித்தியாலக் கணக்கில் காசு. அது கைக்கு வரப் பருவம் ஒன்று கழிந்துவிடும். அந்தக் காசை நம்பி வாடகை பேசிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பதிவு

பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். முன்னதற்குக் குறைந்தது 2 ஆண்டும் பின்னதற்குக் குறைந்தது 3 ஆண்டும் முழுநேர ஆய்வு தேவை. பலரை முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்து, முன்னேற்றத்தைப் பார்த்துக் கலாநிதிக்கு உயர்த்துவார்கள். இதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் இடையில் நின்றுபோனாலும் ஒரு பட்டத்தோடு வெளியேற வழி இருக்கிறதே!

முன்மொழிவு குழுவுக்குப் போய், பீடச் சபைக்குப் போய், மூதவைக்குப் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும். இடையில் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருப்பு. இதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. புலமைப்பரிசில் தருபவர் பதிவுக் கடிதம் கேட்பார், பதிவு செய்பவர் பணத்துக்கு என்ன வழி என்று கேட்பார். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். பீடத்திலிருந்து "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டால் பல இடங்களில் அது தற்காலிகமாகச் செல்லுபடியாகும். எழுத்தில் எதுவும் கைக்கு வராதவரை இருக்கும் வேலையை விட வேண்டாம்.

முழுநேரக் கொடுப்பனவு எடுப்பவர் வேறு சம்பளம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை இருப்பது வழக்கம். பின்னேர ரியூஷன் வகுப்பு அதற்குள் அடங்குமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: வோர்ட் பிளேஸ் சுற்று

கொழும்பு 7இல் ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய ஒரு சுற்று இருக்கிறது. வோர்ட் பிளேஸ் 18ஆம் இலக்கத்தில் உயர்கல்வி அமைச்சுப் பிரிவு, பக்கத்தில் 20ஆம் இலக்கத்தில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அதே வீதியோடு சேர்ந்த சுகஸ்தான் கார்டனில் தேசிய உயர்கற்கைகள் நிலையம். வேறொரு திசையில் மெயிற்லண்ட் பிளேஸில் தேசிய விஞ்ஞான மன்றம். வெளிநாட்டு அரசுகளின் புலமைப்பரிசில்கள் பல அமைச்சினூடாகவே விளம்பரமாகின்றன. பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் இந்திய அரசின் திட்டங்களும் அப்படி வருபவை. ஜேர்மனியின் டாட் (DAAD), ஜப்பானின் மெக்ஸ்ட் (MEXT) ஆகிய புலமைப்பரிசில்களின் விபரங்களை அந்தந்த நாட்டுத் தூதரகங்களிலும் பார்க்கலாம். அமெரிக்கப் புலமைப்பரிசில்களைக் கவனிக்கும், 1952இல் தொடங்கிய அமெரிக்க – இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவின் அலுவலகமும் கொழும்பில்தான்.

எல்லாம் இணையத்தில் இருக்கும்போது ஏன் நடக்க வேண்டும் என்று கேட்பீர்கள். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வெளிவரும் மாதத்தை இணையம் முன்கூட்டிச் சொல்லாது. சாளரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எழுதுவினைஞர் சொல்லுவார். சிங்களத்தில் இரண்டு வசனம் சரளமாகப் பேசத் தெரிந்தால் இன்னும் கூடுதலாகச் சொல்லுவார். அறிவித்தல் தமிழில் இல்லாவிட்டால் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. உரிமையைக் கேளுங்கள். முடிவுத் திகதி நெருங்கிவிட்டால் ஆங்கிலப் படிவத்தையே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

பொதுமக்கள் தினம் எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அன்று போவது நல்லது. அரச அலுவலகங்களில் அன்று தேடிப் போகும் ஆள் கதிரையில் இருக்க வாய்ப்புக் கூட.

ஐந்தாம் படி: வரவுசெலவுத் திட்டம்

விண்ணப்பத்தில் ஆய்வுப் பகுதியை எல்லோரும் இரவு பகலாகத் திருத்துவார்கள், கணக்கைக் கடைசி இரவில் எழுதுவார்கள். 2022இன் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். சில மாதங்களில் 360ஐத் தொட்டது. முந்திய ஆண்டு ரூபாயில் மானியம் எடுத்தவர்கள் இறக்குமதி இரசாயனத்தின் பாதியைக்கூட வாங்க முடியாமல் ஆய்வின் அளவைச் சுருக்கினார்கள். ஆகவே வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருளை முதலாம் ஆண்டுச் செலவில் போடுங்கள். கொழும்பு வழங்குநர்களிடம் எழுத்தில் விலைமனு வாங்கி இணையுங்கள். களப்பயணம் என்றால் "போக்குவரத்து 100,000" என்று மொட்டையாக எழுதாமல் எத்தனை பயணம், எந்த ஊர், பஸ்ஸா வாடகை வாகனமா, எத்தனை இரவு என்று விரியுங்கள்.

மனிதரை நேர்காண்பது, இரத்த மாதிரி எடுப்பது போன்ற ஆய்வென்றால் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி வரும்வரை நிதியை விடுவிக்க மாட்டார்கள். கொழும்பு மருத்துவ பீடத்தின் குழு 1981இலிருந்து இயங்குகிறது. அங்கே கொடுக்கும் தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழியிலும் தேவைப்படும். தமிழ் மொழிபெயர்ப்பை ஒரு மணிநேர வேலை என்று நினைக்காதீர்கள். "நீங்கள் எவ்வேளையிலும் விலகிக்கொள்ளலாம்" என்பதை ஒரு தோட்டத் தொழிலாளியான அம்மாவுக்குப் புரியும்படி எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

ஆறாம் படி: வந்த பணத்தைக் காப்பாற்றுதல்

கையிலே காசு வாயிலே தோசை என்ற கணக்கு அரச நிதியில் நடக்காது. முதலில் நீங்கள் செலவழித்து, பற்றுச்சீட்டு வைத்து, வவுச்சர் எழுதி, மேற்பார்வையாளர் ஒப்பமிட்டு, நிதிக்கிளை பார்த்து, பிறகுதான் காசு திரும்பும். குறைந்தது இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்திருக்க முடியாவிட்டால் முற்பணம் கேட்டு எழுதுங்கள். முற்பணம் தீர்க்கப்படாமல் அடுத்தது கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு நடந்தது இது. கள ஆய்வுக்காக மட்டக்களப்பில் ஒன்பது நாள் தங்கினேன். அறை வாடகை, போட்டோப் பிரதி, ஒலிப்பதிவுக் கருவிக்கு மின்கலம் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஐந்து மாதம் கழித்து நிதிக்கிளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஒரு சீட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். வெள்ளைத் தாள். கடைகளில் மெஷினால் அச்சிடும் அந்த வழுவழுப்பான தாளில் எழுத்துத் தானாகவே மறைந்துபோகும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பதினொரு சீட்டில் ஏழு அப்படிப் போய்விட்டது. கையால் எழுதி றப்பர் முத்திரை குத்திய நான்குக்கு மட்டும் காசு வந்தது.

அன்றிலிருந்து சீட்டு கைக்கு வந்த அன்றே படம் எடுத்து, பிரதி எடுத்து, இரண்டையும் சேர்த்துக் குத்திவைக்கிறேன். சீட்டில் கடையின் பெயரும் முகவரியும் திகதியும் இருக்கிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடுகிறேன். கிராமத்து ஆட்டோ ஓட்டுநரிடம் பற்றுச்சீட்டு இருக்காது. அதற்கென்று ஒரு சிறு படிவத்தை நீங்களே அச்சிட்டுக் கொண்டுபோய்ப் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதை ஏற்பார்களா என்று போவதற்கு முன் நிதிக்கிளையிடம் கேட்டுவிடுங்கள்.

முன்னேற்ற அறிக்கை பிந்தினால் அடுத்த தவணைப் பணம் பிந்தும். வேலை நடக்காத அரையாண்டிலும் அறிக்கையை எழுதி, ஏன் நடக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: பிணைமுறி

சம்பளத்தோடு கற்கை விடுமுறையில் போகிறவர் பிணைமுறியில் ஒப்பமிட வேண்டியிருக்கும். முடித்துவிட்டுத் திரும்பி இத்தனை ஆண்டு சேவை செய்யாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், பிணை நின்றவர்களையும் பிடிப்பார்கள். பிணையாளியாக ஒரு மாமாவோ பழைய ஆசிரியரோ அன்பினால் கையெழுத்துப் போடுவார். அவருக்கு அந்தத் தொகையைக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

எட்டாம் படி: பணமல்லாத உதவி

அறை முதலில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழ் வீடுகளில் அறைகள் கிடைக்கும். அனெக்ஸ், அதாவது வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி என்றால் ஆறு மாத முற்பணம் கேட்பது சாதாரணம். வெள்ளவத்தையிலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் 155 பஸ் போகிறது. காலை ஏழரைக்குப் பிறகு அதில் கால் வைக்க இடம் தேட வேண்டும்.

நூலகங்களில் கொழும்பு பணக்கார ஊர். தேசிய நூதனசாலை நூலகத்துக்கு 1885இலிருந்து இலங்கை வெளியீடுகளில் சட்டப்படி கொடுக்க வேண்டிய பிரதி வந்து சேர்ந்திருக்கிறது. சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வாசகர் அனுமதி எடுக்க வேண்டும், பல்கலைக்கழகக் கடிதத்தோடு போங்கள். இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் நூலகம் கின்சி டெரஸில் இருக்கிறது. தமிழ் நூல் என்றால் வெள்ளவத்தையில் இருக்கும், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். அங்கும் இல்லாத பழைய சஞ்சிகை பல வேளை நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் எண்ணிம நூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்.

முடிந்த வேலையை இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டு அமர்வில் வாசியுங்கள். அடுத்த மானியக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

கடைசி ஆறு மாதம்

மானியம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு. கலாநிதி ஆய்வேடு அதற்குள் முடிவது அபூர்வம். எழுதி, திருத்தி, அச்சிட்டு, கட்டுவித்து, பரீட்சகர்களின் அறிக்கை வந்து, வாய்மொழிப் பரீட்சைக்கு உட்காரும் வரையில் ஒரு சதமும் வராத காலம் ஒன்று எல்லோருக்கும் வருகிறது. அதற்கு இரண்டு ஏற்பாடு செய்யலாம். மானியம் முடியும் திகதிக்கு மூன்று மாதம் முன்பே, மேலதிக நிதி கேட்காமல் கால நீடிப்பு மட்டும் கேட்டு எழுதுங்கள். முடிந்த பிறகு கேட்டால் கோப்பு மூடிவிட்டது என்பார்கள். மற்றது, முதல் மாதக் கொடுப்பனவிலிருந்தே ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். ஆய்வேட்டுக் கட்டணமும் கட்டுவிக்கும் செலவும் அதிலிருந்து போகட்டும்.

வவுனியாத் தங்கை பதிவை ஒரு தவணை தள்ளிப்போடச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டாள். இப்போது மேற்பார்வையாளர் மூவரின் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் ரயிலில் வருகிறாள். கோட்டை ரயில் நிலையத்தில் சந்தித்து, நேரே வோர்ட் பிளேஸுக்குப் போவதாகத் திட்டம்.